தீவுக்கு ரயில் எப்படிப் போனது?

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் என் அக்கா மகளை மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சரில் கூட்டிப்போனேன். மானாமதுரையில் வாங்கிய அவித்த கடலை பரமக்குடி வருவதற்குள் தீர்ந்துவிட்டது. உச்சிப்புளி தாண்டியதும் பனைமரங்களுக்கு நடுவே மணல் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. மண்டபம் ஸ்டேஷனில் நின்று கிளம்பிய வண்டி, வேகம் பிடிப்பதற்குப் பதிலாகக் குறைத்துக்கொண்டே போனது. கூடவே நடந்தால் பிடித்துவிடலாம் போலிருந்தது. சக்கரத்தின் சத்தமும் மாறியது. தரையில் கடகடவென்று ஓடிய வண்டி, பாலத்தின் இரும்பு உத்தரமான கர்டரில் ஏறியதும் காலித் தகர டின்னைத் தட்டுவது போலக் கணகணக்க ஆரம்பித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கைப்பிடிச் சுவர் இல்லை. தண்டவாளத்துக்கு நேர் கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். பெட்டியில் இருந்த பாட்டிமார் முந்தானையை அவிழ்த்துக் காசு எடுத்துக் கடலில் போட்டுக் கும்பிட்டார்கள்.

அக்கா மகள் இரண்டு கேள்வி கேட்டாள். “மாமா, பாலம் இவ்வளவு தாழ்வா இருக்கே, கப்பல் வந்தா எப்படிப் போகும்?” அது முதலாவது. “தீவுக்கு எதுக்கு ரயில் விட்டாங்க? சாமி கும்பிடவா?” இது இரண்டாவது.

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு “ஆமாம்” என்று சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. இந்தப் பாதையைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இரண்டையும் இங்கே எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மதுரைக்குக் கிழக்கே, வைகை போகிற திசையிலேயே போனால் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வந்து, மண்டபத்தில் நிலம் முடிகிறது. அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர் கடல். அதற்கு அந்தப்பக்கம் பாம்பன். அதுதான் ராமேஸ்வரம் தீவின் மேற்கு முனை. தீவு கிழக்கே நீண்டு, வால் போல ஒடுங்கி, தனுஷ்கோடியில் முடிகிறது. அதற்கப்புறம் சின்னச் சின்ன மணல் திட்டுகள் தலைமன்னார் வரை வரிசையாகக் கிடக்கின்றன. நம்மவர்கள் ராமர் பாலம் என்பதும், வெள்ளைக்காரர்கள் ஆதாம் பாலம் என்றதும் இந்தத் திட்டு வரிசையைத்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலை குறைந்த வடகடலைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே முன்பு நிலத்தொடர்பு இருந்தது என்றும், 1480இல் அடித்த புயலில் அது அறுந்துபோனது என்றும் வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அதன் பிறகு ராமேஸ்வரம் போகிறவர்கள் தோணி ஏறித்தான் ஆகவேண்டும். மண்டபத்தை ஒட்டித் தோணித்துறை என்றே ஓர் ஊர் இருக்கிறது. இந்த வழியைக் காத்து, யாத்திரிகர்களுக்குச் சத்திரம் கட்டிச் சோறு போட்டவர்கள் ராமநாதபுரம் சேதுபதிகள். சேது என்றால் பாலம், அணை. சேதுபதி என்ற பட்டமே அதைக் காக்கிறவர் என்பதால் வந்தது. மதுரையிலிருந்து ரயிலில் போகும்போது பெயர்ப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். சத்திரக்குடி, மண்டபம். நடந்து போனவர்கள் தங்கிய வழியின் வாசனை அந்தப் பெயர்களில் இன்னும் இருக்கிறது.

சரி, ரயில் எப்போது வந்தது? திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் வந்துவிட்டது. மறு ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. நடத்தியது தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி. பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. ஆனால் மதுரைக்குக் கிழக்கே இருந்த சீமை கால் நூற்றாண்டுக்கு மேல் ரயிலைப் பார்க்கவே இல்லை. இதை ஒரு பயணத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அமெரிக்காவிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26இல் பாம்பனில் இறங்கினார். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்தார்கள், ராஜாவும் சேர்ந்து இழுத்தார் என்பார்கள். அங்கிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று தங்கித் தங்கி மதுரைக்கு வந்து, அதன் பிறகுதான் அவர் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினார். ஐந்து ஆண்டு கழித்து, 1902இல், மதுரை - மண்டபம் பாதை திறக்கப்பட்டது. அதே ஊர்கள் ரயில் ஸ்டேஷன்கள் ஆயின.

இப்போது கேள்விக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாக வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்காக மட்டும் கடலில் பாலம் போட எந்தக் கம்பெனியும் அவசரப்படவில்லை. அவசரத்துக்குக் காரணம் தீவுக்கு அப்பால் இருந்தது. இலங்கை.

இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1869இலிருந்து இலைநோய் வந்து காப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. இரண்டுக்கும் கூலிக்குப் போனவர்கள் நம்மவர்கள். மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி அழைத்துப் போனவர்கள். மழை பொய்த்து கண்மாய் வறண்ட ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். “கண்டிச் சீமைக்குப் போறோம்” என்பார்கள். ரயில் வருவதற்கு முன் அவர்கள் நடந்தே கடற்கரைக்கு வந்து, தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மறுபடி பல நாள் நடந்து மலையேறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்த வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசும்போது கட்டிய கம்பெனிகளின் பெயரையும் டன் கணக்கையும் சொல்லிவிட்டு இவர்களை விட்டுவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பாதைக்கு முதல் தேவை இவர்களால் வந்தது.

கூலியாட்கள் மட்டுமில்லை, தபால், வணிகர்கள், அதிகாரிகள், சரக்கு எல்லாம் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. 1914க்கு முன் ரயில் வழியாகக் கொழும்பு போகிறவர்களின் வழி தூத்துக்குடி. சென்னையிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயிலில் வந்து, அங்கே கப்பல் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கக் கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதோ சுமார் 35 கிலோமீட்டர். இரண்டு முனைக்கும் ரயில் வந்துவிட்டால், கடல் பயணம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிடும். மணல் திட்டுகள் மேலேயே பாலம் போட்டு, ரயிலை நேராக இலங்கைக்கே ஓட்டிவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று அதைக் கைவிட்டு, தனுஷ்கோடி வரை ரயில், நடுவில் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று முடிவுசெய்தார்கள்.

அந்தத் திட்டத்தில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கிடந்த 2 கிலோமீட்டர் கடல்தான் முட்டுக்கட்டை. மண்ணையும் கல்லையும் கொட்டித் தூர்த்து மேலே தண்டவாளம் போட்டால் என்ன என்று தோன்றலாம். அங்கே ஒரு கப்பல் வழி இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே கடலடிப் பாறையை உடைத்து அதை ஆழப்படுத்தியிருந்தார்கள். அந்த வழியை அடைத்தால், பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகும் சிறு கப்பல்களும் தோணிகளும் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். கப்பல் அடியில் போகிற உயரத்துக்குப் பாலத்தைத் தூக்கிக் கட்டுவதும் எளிதில்லை. சாலை வண்டி மேடு ஏறும்; ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு போக இரண்டு பக்கமும் வெகுதூரம் மேடு கட்டவேண்டும். ஆகவே தாழ்வான பாலம். கப்பல் வழி இருக்கும் இடத்தில் மட்டும் திறந்து மூடும் ஒரு வாசல். இதுதான் அவர்கள் கண்ட வழி.

1911இல் வேலை தொடங்கியது. 1914 பிப்ரவரி 24இல் திறந்தார்கள். நீளம் 2,065 மீட்டர். பாலத்தில் இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடைவெளியை நாம் கண் என்போம். இந்தப் பாலத்துக்கு 40 அடிக் கண்கள் மட்டும் 145. இந்தியாவின் முதல் கடல் பாலம் இது. கடலில் நிற்கிற பாலம் என்றால் தூணைவிட இரும்புக்குத்தான் ஆபத்து அதிகம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். உலகத்திலேயே துரு மிக வேகமாகப் பிடிக்கும் இடங்களில் ஒன்றாகப் பாம்பனைச் சொல்கிறார்கள். அதனால் இந்தப் பாலத்துக்குப் பூச்சு வேலை முடிந்தது என்று ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு கோடியில் முடித்தால் மறு கோடியில் தொடங்கவேண்டியிருந்தது.

அந்த வாசலுக்கு உள்ளூரில் தூக்குப்பாலம் என்று பெயர். அதை வகுத்தது அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஷெர்சர் கம்பெனி. இரும்பு வேலை செய்து அனுப்பியது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி. இரண்டு கதவுகள், எதிரெதிர்க் கரையைப் பார்த்துப் படுத்திருக்கும். நடுவில் ஒன்றையொன்று தொடும். கப்பல் வரும்போது இரண்டும் மேலே எழும்பி வழிவிடும். ஒரு கதவின் எடை 415 டன். அதை மோட்டார் எதுவும் இல்லாமல், ஆட்கள் கையால் சுற்றியே தூக்கினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

415 டன்னை மனிதக் கை எப்படித் தூக்கும்? அக்கா மகள் வாய்பிளந்து கேட்ட இடம் இதுதான். நான் அவளுக்கு ஏற்றத்தைச் சொன்னேன். மோட்டார் பம்பு வருவதற்கு முன் நம் கிணறுகளில் இருந்ததே, அந்த ஏற்றம். நீளமான மரம். ஒரு முனையில் தண்ணீர்ச் சால். மறுமுனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள், அல்லது ஆள் மேலே நடந்து பாரம் கொடுப்பார். அந்தப் பக்கத்துப் பாரம் இந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தூக்கிவிடும். இறைக்கிறவர் லேசாக வழிகாட்டினால் போதும். தூக்குப்பாலத்தின் கதவுக்கும் பின்பக்கம் அப்படி ஒரு பெரும் பாரம் வைத்திருக்கிறார்கள். முன்பக்கக் கதவும் பின்பக்கப் பாரமும் தராசுத் தட்டு போல நிற்பதால், ஆட்கள் தூக்கவேண்டியது 415 டன்னை இல்லை. தராசை ஒரு பக்கம் சாய்க்கிற அளவு பலமும், உராய்வை மீறுகிற அளவு பலமும் இருந்தால் போதும். அதையும் பற்சக்கரங்கள் பிரித்துக்கொடுத்துவிடும். நிறையச் சுற்று சுற்றினால் கொஞ்சம் எழும்பும், ஆனால் எழும்பும்.

ஷெர்சர் முறைக்கு இன்னொரு சிறப்பு இருக்கிறது. சாதாரணமாகக் கதவு என்றால் கீலில் திரும்பும். இவ்வளவு பாரமுள்ள கதவைக் கீலில் மாட்டினால், முழு எடையும் ஓர் அச்சின் மேல் உட்கார்ந்து உரசும். உப்புக்காற்றில் அந்த அச்சு எத்தனை நாள் தாங்கும்? ஷெர்சர் முறையில் கீலே இல்லை. கதவின் அடிப்பாகத்தை வட்டத்தின் ஒரு துண்டு போல வளைத்துவிட்டார்கள். கதவு அந்த வளைவின் மேல் உருண்டு பின்பக்கமாகச் சாய்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அடி உருண்டை, பாரம் கீழே. விரலால் தொட்டால் போதும், உருண்டு சாயும். பாரமான மூட்டையை இழுப்பதைவிட உருட்டுவது எளிது என்பது நம் சந்தையில் வேலை பார்க்கிறவருக்குத் தெரிந்த விஷயம்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கதவு எழும்பும்போதே பின்னாலும் நகர்ந்துவிடுவதால், கப்பலுக்கு வழி இன்னும் அகலமாகத் திறக்கிறது.

கப்பல்கள் வந்ததும் உடனே திறந்துவிட மாட்டார்கள். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் சொல்லிப் பதிந்து, கட்டணம் கட்டி, தள்ளி நங்கூரமிட்டுக் காத்திருக்கவேண்டும். ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து, அலுவலகமும் ரயில்வேயும் பேசி நேரம் குறிப்பார்கள். பாலம் எழும்பும் நாளில் சாலைப் பாலத்தில் (அது 1988இல் வந்தது) வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு ஊரே வேடிக்கை பார்க்கும். நானும் ஒரு முறை நின்று பார்த்திருக்கிறேன். கதவுகள் மெதுவாக, மிக மெதுவாக, கும்பிடுவதற்குக் கை குவிப்பதைத் திருப்பிப் போட்டது போல விரிந்தன. கீழே வரிசையாகக் கப்பல்கள் போன பிறகு மீன்பிடி விசைப்படகுகள் முண்டியடித்துக்கொண்டு போயின. காற்றுக்கும் அங்கே ஒரு கணக்கு இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் கரையிலேயே நிற்கவேண்டியதுதான்.

பாலம் திறந்த அதே ஆண்டில் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் தொடங்கியது. சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். போட் மெயில் என்று பெயர் வந்தது இதனால்தான். திருச்சி, மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடித் துறைக்குப் போய்ச் சேரும்; இறங்கிக் கப்பலில் ஏறவேண்டும்; அந்தப்பக்கம் கொழும்பு ரயில் காத்திருக்கும். பின்னாளில் ஓடிய இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களின் பெயரை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொந்தக்காரர் பெயர் போலச் சொல்வார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரிப் போகவில்லை. தோட்டத்துக்குப் போகிற கூலியாட்களை மண்டபத்திலேயே இறக்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் பல நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணியை அவித்து, அதன் பிறகே அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற ஸ்டேஷன் பெயர் அந்த முகாமால் வந்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதே மக்களின் பேரன் பேத்திகள் அதே மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன பதில் ஏன் சரியில்லை என்பதற்கு ஒரே சாட்சி போதும்: பாம்பன் அன்று ஜங்ஷன். பாலம் தாண்டிய மெயின் பாதை பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனது பாம்பனில் பிரிந்த கிளைப்பாதை. அப்துல் கலாம் தன் சிறுவயதைப் பற்றி எழுதும்போது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ராமேஸ்வரம் ரோடு என்ற இடத்தில், ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள் என்றும் சொல்கிறார். அந்தக் கட்டுகளைப் பொறுக்கும் வேலைதான் அவருடைய முதல் சம்பாத்தியம். இலங்கைக்குப் போகிற ரயிலுக்கு ராமேஸ்வரம் ஓர் ஓரத்து ஊராகவே இருந்தது. ஆனால் யாத்திரிகர்கள் அந்தக் கிளையையே தங்கள் பாதையாக்கிக்கொண்டார்கள். தோணிக்குப் பயந்து போகாமலிருந்த வயதானவர்களும் போனார்கள். பாம்பன் மீன் ஐஸ் உருகுவதற்குள், நாற்றம் எடுப்பதற்குள் மதுரைச் சந்தைக்கு வந்தது; கருவாடும் கூடவே வந்தது.

கிளை மெயினாக மாறியது ஒரே ராத்திரியில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் தனுஷ்கோடிக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653ஆம் எண் பாசஞ்சர், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, ஸ்டேஷனை நெருங்கிய நேரத்தில் அலையில் போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. தூக்குப்பாலம் மட்டும் நின்றது. விழுந்த கர்டர்களைக் கடலுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தே, இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் விடவில்லை. கடைசி ஸ்டேஷன் ராமேஸ்வரம் என்றானது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் இலங்கையில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. தனுஷ்கோடி மணலில் இன்று பார்க்கும் இடிந்த சுவர்களில் ஒன்று அந்தப் பழைய ஸ்டேஷன்.

2007இல் பாலத்தில் மீட்டர் கேஜுக்குப் பதிலாக அகலப் பாதை வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

அக்கா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். புதுப் பாலம் திறந்த அன்று வீடியோவை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். “மாமா, இது நேரா மேல போகுதே. தலையாட்டி பொம்மை இல்லையே?” இல்லைதான். 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கண், இரண்டு கோபுரத்துக்கு நடுவே 17 மீட்டர் உயரம் படுத்தபடியே எழும்புகிறது. கம்பி வடம் கோபுரத்து உச்சியில் உருளையின் மேல் ஏறி இறங்குகிறது. மறுமுனையில் பாரம் தொங்குகிறது. மின்சார மோட்டார் இழுக்கிறது. “ஆச்சி வீட்டுக் கிணத்துல ராட்டினம் பார்த்திருக்கேல்ல? ஒரு வாளி கீழ இறங்கினா மறு வாளி மேல வரும், அதுதான்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பாலம் ஒரு வாளி, பாரம் ஒரு வாளியா மாமா?” என்றாள். ஆமாம் என்றேன்.